ஒரு கையெழுத்தின் மதிப்பு

கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு நம்மில் பலர் தினமும் செய்கிற வேலை கையெழுத்துப் போடுவதுதான். டிராயிங், எம்.புக், டெஸ்ட் ரிப்போர்ட் என்று யாராவது எதையாவது நீட்டுகிறார்கள். நாமும் போட்டுத் தள்ளுகிறோம். கையெழுத்தாலேயே சரித்திரத்தில் நின்றுவிட்ட ஒரு தூதரக அதிகாரியைப் பற்றி இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சியுனே சுகிஹாரா 1900 ஜனவரி 1-ல் ஜப்பானில் பிறந்தார். பையன் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை (நம்ம வீட்டுக் கதைதான்!). பையனோ நுழைவுத் தேர்வில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். டோக்கியோவில் வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1919-ல் வெளியுறவு அமைச்சகத்தின் உதவித்தொகை கிடைத்தது. மஞ்சூரியாவிலுள்ள ஹார்பின் நகருக்குப் போய் ரஷ்ய மொழி கற்றார். பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது அந்த மொழிதான். சோவியத் நாட்டிடமிருந்து ரயில்வேயை விலைக்கு வாங்கும் பேச்சுவார்த்தையில் பேர் வாங்கினார். ஆனால் சீனர்களை ஜப்பானியர் நடத்திய விதம் பிடிக்காமல் 1935-ல் அந்தப் பதவியை உதறினார்.

1937-ல் ஹெல்சிங்கி தூதரகம். 1939-ல் லிதுவேனியாவில் கௌனாஸ் நகரத் துணைத் தூதரகம். 1940 ஜூலையில், போலந்திலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்கள் அதன் வாசலில் கூட்டமாக நின்றார்கள். நெதர்லாந்தின் கௌரவத் தூதர் ஸ்வார்ட்டன்டைக், குராசோ தீவுக்குப் போக விசா வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஜப்பான் வழியாகப் போக அனுமதி கிடைத்தால் போதும், ரயிலேறிவிடலாம். பணமும் முறையான பயண ஆவணங்களும் இல்லாதவர்களுக்கு விசா கிடையாது என்பது டோக்கியோவின் விதி. சுகிஹாரா கேட்டுப் பார்த்தார்; மறுபடியும் கேட்டார். முடியாது என்றே பதில் வந்தது.

பிறகு அவரே முடிவு எடுத்தார். தூதரகத்தை மூடச் சொல்லி சோவியத் உத்தரவு ஒரு பக்கம் நெருக்க, நாள் முழுக்க உட்கார்ந்து கையாலேயே விசா எழுதினார். பட்டியலில் இருப்பவை 2,100-க்கு மேல். ஒரே விசாவில் குடும்பமே போனதால் பிழைத்தவர்கள் பல ஆயிரம். சைபீரியா தாண்டி விளாடிவஸ்தோக், அங்கிருந்து கப்பலில் ஜப்பானின் சுருகா துறைமுகம்.

உடனே அவர் வேலை போகவில்லை. ப்ராக், கோனிக்ஸ்பர்க், புக்காரெஸ்ட் என்று பணி தொடர்ந்தது. போர் முடிந்ததும் குடும்பத்தோடு சோவியத் முகாம்களில் இருந்தார். 1947-ல் ஊர் திரும்பியவரை அமைச்சகம் வீட்டுக்கு அனுப்பியது. ஆட்குறைப்பு என்றது அமைச்சகம். விசாதான் காரணம் என்று நம்பியது குடும்பம். அதன்பின் கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தார். அவர் விசாவால் தப்பிய ஒருவர் 1968-ல் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1984-ல் இஸ்ரேல் கௌரவித்தது. 1986-ல் அவர் காலமானார். சொந்த நாட்டு அமைச்சகம் மனம் திறந்து பாராட்டியது 2000-ல்!

தம்பி, தங்கைகளே! சொந்த லாபத்துக்காக விதியை மீறுகிறவர்களை நீங்கள் வேலைக்குப் போனதும் நிறையப் பார்ப்பீர்கள். சுகிஹாரா மீறியதில் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. முறையாகக் கேட்டார், பதிலைத் தெரிந்துகொண்டார், விளைவுக்குத் தயாராகித் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை பேனாவைத் திறக்கும்போது, அந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிப்போமே.