அசல் வின்ஸ்டன் சர்ச்சில் யார்? பிரிட்டன் பிரதமரையே பெயர் மாற்ற வைத்த நாவலாசிரியர்

வின்ஸ்டன் சர்ச்சில்னு கூகுளில் தட்டினால், வாயில் சுருட்டோடு பிரிட்டன் பிரதமர்தான் வந்து நிற்பார். ஆனால், 1900-ல் அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொன்னால், எல்லோருக்கும் ஞாபகம் வந்தவர் வேறொருவர்.

அவர் 1871-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். பிரிட்டன் சர்ச்சிலைவிட 3 வயது மூத்தவர். கடற்படை அகாடமியில் படித்துவிட்டு எழுத்துப் பக்கம் வந்தார். 1899-ல் வெளியான அவரது 'ரிச்சர்ட் கார்வெல்' நாவல் லட்சக்கணக்கில் விற்றது.

அப்போது பிரிட்டன் சர்ச்சிலும் புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். எது யார் எழுதியது என்று குழப்பம் வரவே, அவரே 1899-ல் அமெரிக்கருக்குக் கடிதம் போட்டார். இனி வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று எழுதுவதாக ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுக்க அமெரிக்கருக்கு நடுப்பெயரே கிடையாது! 1900 டிசம்பரில் பாஸ்டன் நகரில் இருவரும் நேரிலும் சந்தித்தார்கள்.

அமெரிக்கருக்கும் அரசியல் ஆசை இருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்துக்கு இரண்டு முறை தேர்வானார். 1906, 1912 என இரண்டு தடவை முயன்றும் கவர்னர் பதவி மட்டும் கைக்கு வரவில்லை. பின்னாளில் நாவல் எழுதுவதையும் நிறுத்திவிட்டு ஒதுங்கினார். 1947-ல் ஃப்ளோரிடாவில் அவர் இறந்தபோது, இன்னொரு சர்ச்சில் உலகப் போரையே நடத்தி முடித்திருந்தார். அந்தச் சர்ச்சிலுக்குத்தான் 1953-ல் இலக்கிய நோபலும் கிடைத்தது.

பெயரை மாற்றிக்கொண்டவரை இன்று வெறும் சர்ச்சில் என்றாலே தெரியும். மாற்றாதவரைத்தான், அமெரிக்க நாவலாசிரியர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கு.