ஓட முடியாதவங்களுக்காகப் பிறந்த வாலிபால்: யார் இந்த மோர்கன்?

பி.டி. பீரியடில் வேகமா ஓட முடியாதவங்க ஓரமா உட்கார்ந்திருப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? அப்படி ஒதுங்குறவங்களையும் ஆட வைக்க உருவான விளையாட்டுதான் வாலிபால்.

உருவாக்கியவர் வில்லியம் ஜி. மோர்கன். 1870-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வி படித்தபோது, கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் அறிமுகம் கிடைத்தது.

1895-ல் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் நடுத்தர வயது வியாபாரிகள். கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் அவங்களுக்குத் தாங்கலை. மோர்கன் விளையாட்டையே மாத்திட்டார்.

எப்படி? நடுவில் 6 அடி 6 அங்குல உயரத்தில் நெட் கட்டினார். இரு அணியும் ஆளுக்கொரு பக்கம், அதனால் மோதல் இல்லை. எத்தனை பேரும் ஆடலாம். கூடைப்பந்து கனமா இருந்தது, அதன் உள் பிளாடர் ரொம்ப லேசா இருந்தது. அதனால் ஸ்பால்டிங் நிறுவனத்திடம் புதுப் பந்து செய்யச் சொன்னார்.

முதலில் வைத்த பெயர் மின்டோனெட். 1896-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோதுதான் பேராசிரியர் ஹால்ஸ்டெட் வாலிபால் என்ற பெயரைச் சொன்னார்.

மோர்கன் 1942-ல் காலமானார். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் சேர்ந்ததை அவர் பார்க்கலை.

சர்வீஸ் தாண்டாத மாணவருக்கு நெட்டை இறக்கிக் கட்டுறதும், லேசான பந்து கொடுக்கிறதும் சலுகை இல்லை. வாலிபால் தொடங்கினதே அப்படித்தான்.