'பீட்டர் ராபிட்' எழுதியவர் கல்பாசி ரகசியத்தைக் கண்டுபிடித்தாரா? யார் இந்த பியாட்ரிக்ஸ் பாட்டர்?

பிரியாணி மசாலாவில் போடுற கல்பாசி தெரியும்ல? அது பாசியும் இல்ல, செடியும் இல்ல. பூஞ்சையும் பாசியும் ஒண்ணா வாழும் 'லைக்கன்'. பாசி வெயிலை வைத்துச் சமைக்கும். பூஞ்சை வீடு கட்டிக் கொடுத்து ஈரத்தைக் காக்கும். இந்தக் கூட்டுக் குடித்தனத்தைக் கண்டுபிடித்ததே குழந்தைகள் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர்தான், அதனால்தான் விஞ்ஞானிகள் அவரை ஒதுக்கினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது.

அது உண்மையில்லை. லைக்கன் என்பது இரண்டு உயிர்கள் என்று 1860களின் கடைசியில் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர். பூஞ்சை எஜமான், பாசி அதன் அடிமை என்பது அவர் பார்வை. லைக்கன் நிபுணர்கள் பலர் கேலி செய்தார்கள்.

அப்போ பாட்டர் என்ன செய்தார்? நிஜக் கதை இன்னும் சுவாரஸ்யம்.

1866-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், இவருக்கு வீட்டில்தான் பாடம். காளான்களைத் தேடித் தேடி வரைந்தார். லைக்கன் மீதும் ஆர்வம் இருந்தது. ஸ்காட்லாந்தில் காளான் நுணுக்கம் சொல்லிக் கொடுத்தவர் சார்லஸ் மெக்கின்டோஷ் என்ற தபால்காரர்! பிறகு பாட்டரே காளான் வித்துகளை முளைக்கவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆரம்பித்தார்.

வேதியியல் விஞ்ஞானியான மாமா ஹென்றி ராஸ்கோ அவரை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே இயக்குநர் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் கட்டுரை தயாரானது. தலைப்பு, காளான் வித்துகள் முளைப்பது பற்றி. லைக்கன் பற்றி அல்ல.

1897 ஏப்ரல் 1. லண்டன் லின்னியன் சங்கக் கூட்டத்தில் அந்தக் கட்டுரை முன்வைக்கப்பட்டது. எழுதியவர் அங்கே இல்லை, பெண்களுக்கு அனுமதி கிடையாது. கியூ பூஞ்சை நிபுணர் ஜார்ஜ் மாஸி மூலமாகத்தான் அது போனது. பிறகு பாட்டரே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது 1904-ல்தான்.

அதற்குள் அவர் வேறு பாதைக்குப் போயாச்சு. 1902-ல் 'பீட்டர் ராபிட்' வெளியாகி சக்கைப்போடு போட்டது. அந்த வருமானம் கைகொடுக்க, ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பண்ணை வாங்கி ஆடு வளர்த்தார். 1943-ல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்திருந்தார்.

லைக்கன் கதையும் அதோடு முடியல. பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் குடியிருப்பது 2016-ல் தெரியவந்தது. பாட்டரின் காளான் ஓவியங்கள் 1967-ல் ஒரு பூஞ்சை வழிகாட்டி நூலில் அச்சாகின. அந்த 1897 கட்டுரையின் பிரதிதான் இதுவரை கிடைக்கவில்லை.