வகுப்பறையில் தமிழ்த் தாத்தா

உ.வே.சா. என்றதும் நமக்கெல்லாம் ஏட்டுச் சுவடிதான் ஞாபகத்துக்கு வரும். அவர் சுமார் நாற்பது வருஷம் கல்லூரியில் பாடம் சொன்ன வாத்தியார் என்பதை மறந்தே போகிறோம்.

1855-இல் பிறந்தவர்; சொந்த ஊர் உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். காலேஜில் படித்து வாங்கிய பட்டம் எதுவும் கிடையாது. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்தார். சிபாரிசு என்றால் சும்மா இல்லை! கல்லூரி ஆசிரியர்கள் கேள்வி கேட்டு, சோதித்துப் பார்த்த பிறகுதான் 1880-இல் வேலை கிடைத்தது.

அங்கே 23 வருஷம். பிறகு 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரி. பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் சுவடி. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். எல்லாம் அவருடைய புலமைக்கும் பதிப்புக்கும் வந்த மரியாதை. அச்சான புத்தகத்தை எண்ணிவிடலாம். ஒரு பையன் மனசில் பதிந்த பாட்டை யார் எண்ணுவது? 1942-இல் அவர் மறைந்தார்.

நம் ஆசிரியர்களிலும் விருது எதுவும் வாங்காமலே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அவர்களுக்கு மார்க் போடத் தெரிந்தவர்கள், அவர்களிடம் படித்த நாம்தான். இன்று விழாவுக்கு வந்திருப்பார்கள். கிட்டே போய், அவர் நடத்திய எந்தப் பாடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள், நண்பர்களே!