லவ்லேஸ் சீமாட்டி கணக்குப் பயின்ற வரலாறு

பைரன் பிரபு என்னும் ஆங்கிலக் கவிஞரின் பெயரை மெட்ரிகுலேஷன் வரை படித்த நாமும் அறிவோம். அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதையும், அம்மகள் கவிதையை விடுத்துக் கணக்கைக் கைப்பிடித்தாள் என்பதையும் நம்மில் பலர் அறிந்திலோம். இன்று நம் காலனிப் பிள்ளைகள் மாலை வேளைகளில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் பயிலச் செல்கின்றனர். பள்ளிப் படிப்பு முடிந்த பெண்ணையும் அவ்வகுப்பில் சேர்ப்பதா, கலியாணத்திற்குப் பின் அப்படிப்பு எதற்கு உதவும் என்று யோசிக்கும் பெற்றோர் உளர். நிரல் என்பது இன்னதென அச்சில் விரிவாக எழுதிக்காட்டிய முன்னோடி, மூன்று குழந்தைகளைப் பெற்ற பின்னரே உயர்கணிதத்தை முறையாகப் பயிலத் தொடங்கிய ஒரு பெண்மணி. அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியரோ நம் மதுரையில் பிறந்தவர். ஆகவே இவ்வாண்டு மலருக்கு அவ்வம்மையாரின் சரிதத்தை எடுத்துக்கொண்டோம்.

அகஸ்டா ஏடா 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோரிடையே ஒற்றுமையில்லை. குழந்தைக்கு ஐந்து வாரமானபோது தாயார் ஆனபெல்லா அதனை எடுத்துக்கொண்டு பிறந்தகம் சென்றுவிட்டார். 1816 ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். பிறகு திரும்பவே இல்லை. 1824-இல் கிரேக்க நாட்டில் அவர் உயிர் நீத்தபோது மகளுக்கு வயது எட்டு. தந்தையின் முகத்தை அக்குழந்தை நினைவில் வைத்திருக்க வழியே இல்லை.

தாயார் கணக்கில் தேர்ந்தவர். வில்லியம் ஃப்ரெண்ட் என்பவரிடம் இளமையில் கற்றவர். கவிஞரின் மனப்போக்கு மகளிடமும் தலைதூக்கிவிடுமோ என்று அவர் அஞ்சினார். கணக்கையும் சாஸ்திரங்களையும் இடைவிடாது புகட்டினால் அதனைத் தடுக்கலாம் என எண்ணினார். நோய்க்கு மருந்து கொடுப்பது போலக் கணக்கைக் கொடுத்தார் எனலாம். மருந்தின் மீதே குழந்தைக்கு ஆசை பிறந்தது தாயார் எதிர்பாராதது. பன்னிரண்டு வயதில் ஏடா பறவைகளின் இறகுக்கும் உடலுக்கும் உள்ள அளவை ஆராய்ந்து, பறக்கும் யந்திரம் ஒன்று செய்யத் திட்டமிட்டார். அதனை நீராவியால் இயக்கலாம் என்பதும் அவர் யோசனை. 1829-இல் அம்மை கண்டு கால்கள் செயலற்றுப் போயின. ஊன்றுகோலின் துணையோடு நடக்கவே நெடுங்காலமாயிற்று. படுக்கையிலும் பாடம் நிற்கவில்லை.

1833-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஏடாவுக்குப் பதினேழு வயதில், ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தார். பாபேஜுக்கு அப்போது வயது 41. சில நாட்களில் தாயும் மகளும் அவர் வீட்டிற்குச் சென்று, பித்தளைச் சக்கரங்களால் ஆன ஒரு கணக்கு யந்திரத்தைக் கண்டனர். வந்தவர்களில் பெரும்பாலோர் அதனை விளையாட்டுப் பொருளாகப் பார்த்துச் சென்றனர். ஏடா அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டார்.

அந்த யந்திரம் எதற்கு? அக்காலத்தில் மாலுமிகளும் பொறியாளர்களும் அச்சிட்ட கணக்குப் பட்டியல்களையே நம்பியிருந்தனர். அவற்றை மனிதர்கள் உட்கார்ந்து கணக்கிட்டு எழுதினர், பிழைகள் மலிந்திருந்தன. கட்டணப் பட்டியலில் ஓர் இலக்கம் தவறினால் என்ன நேரும் என்பதை ரயில்வேக்காரர்களாகிய நமக்கு ஒருவர் சொல்லவேண்டியதில்லை. பாபேஜ் கையாண்ட வழி எளிது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்கங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றினிடையே உள்ள வித்தியாசங்கள் 3, 5, 7, 9. அவ்வித்தியாசங்களின் வித்தியாசம் எப்போதும் 2. ஆதலின் 9-உடன் 2 கூட்டினால் 11. 25-உடன் 11 கூட்டினால் 36. பெருக்கலே இன்றி அடுத்த வர்க்கம் கிடைத்துவிட்டது. கூட்ட மட்டும் தெரிந்த சக்கரங்கள் பட்டியல் முழுவதையும் பிழையின்றித் தந்துவிடும். சர்க்கார் இதற்காக 17,000 பவுன் செலவிட்டும் யந்திரம் முற்றுப்பெறவில்லை. 1842-இல் சர்க்கார் கையை விரித்துவிட்டது. (இந்தப் பாபேஜ் ரயில்வேக்கும் தொண்டு செய்தவர். 1838-39-இல் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் ஒரு வண்டியில் கருவிகளைப் பொருத்தி, அதன் ஆட்டத்தையும் அதிர்வையும் தாள்சுருளில் பதிவாகச் செய்து அகலப்பாதையைச் சோதித்தவர்.)

1835-இல் ஏடா வில்லியம் கிங் பிரபுவை மணந்தார். 1838-இல் கணவருக்கு லவ்லேஸ் கோமகன் என்னும் பட்டம் கிடைத்ததால் ஏடாவும் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். 1836, 1837, 1839 ஆகிய ஆண்டுகளில் இரு ஆண்களும் ஒரு பெண்ணுமாக மூன்று குழந்தைகள் பிறந்தனர். பெரிய மாளிகை, ஏவலர், விருந்தினர், கைக்குழந்தைகள். இத்துடன் படிப்பு முடிந்தது என்று எவரும் சொல்லியிருப்பர். ஏடாவோ 1840-இல் தமக்கு ஆசிரியர் ஒருவரைத் தேடலானார். அக்காலத்தில் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கும் சர்வகலாசாலை இங்கிலாந்தில் ஒன்றும் இல்லை. லண்டன் சர்வகலாசாலை 1878-இல்தான் வழிவிட்டது. கேம்பிரிட்ஜ் 1948 வரை முழுப் பட்டம் கொடுக்கவில்லை.

கிடைத்த ஆசிரியர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் 1806-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மதுரையில் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் உத்தியோகம் பார்த்தவர். பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தைக்கு ஒரு கண்ணின் பார்வை போயிற்று. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்து சென்றவர், பின்னர் லண்டனில் கணிதப் பேராசிரியரானார். ஏடாவின் தாயாருக்குக் கற்பித்த ஃப்ரெண்டின் மகளை மணந்தவரும் இவரே. தர்க்கத்தில் இவர் பெயரால் வழங்கும் விதிகளை இன்றும் கம்ப்யூட்டர் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கின்றனர். வடநாட்டில் வாழும் நமக்கு மற்றொரு செய்தியும் உவப்பளிக்கும். டில்லிக் கல்லூரி ஆசிரியர் ராமசந்திரர் எழுதிய கணித நூல் ஒன்றின் சிறப்பைக் கண்டு, 1859-இல் அதனை லண்டனில் வெளிவரச் செய்தவரும் டி மார்கனே. மதுரை மண்ணின் வாசம் ஏழு மாதத்தில் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பவர் கேட்கட்டும். நாம் சொந்தம் கொண்டாடுவதை விடப்போவதில்லை.

பாடம் பெரும்பாலும் தபால் மூலமே நடந்தது. எவ்வளவு தூரமாயினும் ஒரு பென்னிக்குக் கடிதம் செல்லும் ஏற்பாடு அந்நாட்டில் 1840 ஜனவரியில்தான் வந்திருந்தது. ஏடா, டி மார்கன் எழுதிய நுண்கணித நூலை வைத்துக்கொண்டு கணக்குகளைப் போடுவார். ஐயங்களை எழுதி அனுப்புவார். ஆசிரியர் திருத்தி விடை எழுதுவார். அக்கடிதங்களைப் பார்த்தால், பிறவி மேதை என்று நாம் கேள்விப்படும் கதைக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் விளங்கும். சாதாரண அல்ஜீப்ராவிலேயே சில இடங்களில் அவர் இடறினார். ஒரு சமன்பாட்டுக் கணக்கு எவ்வளவு முயன்றும் வசப்படாதபோது அதனையும் ஒளிக்காமல் எழுதினார். ஆனால் ஒரு படி ஏன் அடுத்த படியாக மாறிற்று என்பது விளங்கும் வரை விடமாட்டார். நூலில் சொல்லியிருப்பதால் சரி என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை.

இம்மாணவியின் ஆற்றலைக் கண்டு ஆசிரியர் வியந்தார். இவர் ஓர் ஆண்மகனாகக் கேம்பிரிட்ஜுக்குப் போயிருந்தால் புதியன காணும் கணித ஆராய்ச்சியாளர் ஆவார் என்பது அவர் கருத்து. ஆனால் அதனை ஏடாவிடம் சொல்லாமல் தாயாருக்கே எழுதினார். பெண்ணின் உடல் அத்தகைய சிந்தனையின் பளுவைத் தாங்காது என்றும் சேர்த்து எழுதினார். மதுரையில் பிறந்தவர் ஆயினும் இவ்விஷயத்தில் அவரோடு நாம் உடன்படுவதற்கில்லை. படிப்பால் கெடும் உடலாயின் மூன்று பிரசவத்தை மட்டும் எங்ஙனம் தாங்கிற்று?

இதற்கிடையே பாபேஜ் வேறொரு பெரிய யந்திரத்தைத் தாளில் வரைந்துகொண்டிருந்தார். முந்தையது ஒரே வகைக் கணக்கைச் செய்வது. இதுவோ எந்தக் கணக்கை இட்டாலும் செய்யவல்லது. எண்களைச் சேமித்து வைக்க ஒரு கிடங்கு. அவற்றை எடுத்துக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் ஓர் ஆலை. எதை எடுப்பது, என்ன செய்வது, விடையை எங்கே வைப்பது என்னும் உத்தரவுகளைத் துளையிட்ட அட்டைகள் கொடுக்கும். அட்டை யோசனை நெசவிலிருந்து வந்தது. ஜக்கார்டு தறியில் பூவேலை செய்வது துளையட்டைகளால்தான். காஞ்சிபுரத்துப் பட்டு நெய்வதைக் கண்டவர்கள் அதனை அறிவர். நம் ரயில்வேக் கணக்கு அலுவலகங்களிலும் ஒரு காலத்தில் துளையட்டை யந்திரங்கள் இருந்ததைப் பழைய ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1840-இல் பாபேஜ் இத்தாலியின் டூரின் நகரில் இதனை விளக்கினார். அங்கிருந்த மெனாப்ரியா என்னும் இளம் பொறியாளர் (பின்னாளில் இத்தாலியின் பிரதமரானவர்) 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏடா அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இவ்வளவு அறிந்தவர் சொந்தமாகவே ஏன் எழுதவில்லை என்று பாபேஜ் கேட்டார். குறிப்புகளாவது சேர்க்கும்படி தூண்டினார். 1843-ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் இருவரிடையே கடிதங்கள் ஏறக்குறைய நாள்தோறும் பறந்தன. ஏழு குறிப்புகள் உருவாயின. மூலக் கட்டுரையைப் போல மூன்று மடங்கு நீளம்! ஏடா பென்சிலால் எழுதிய பெரிய அட்டவணையின் மேல் கணவர் லவ்லேஸ் கோமகன் அமர்ந்து மை பூசினார். கோமகன் ஒருவர் மனைவிக்குக் குமாஸ்தா வேலை பார்த்த அக்காட்சி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இறுதிக் குறிப்பில்தான் அந்தப் புகழ்பெற்ற அட்டவணை உள்ளது. பெர்னூலி எண்கள் என்றொரு வரிசை உண்டு. ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முன் வந்த எண்களைக் கொண்டே காணவேண்டும். அதனை யந்திரம் தானே காணும் வழியை ஏடா 25 படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படிக்கும் எதிரே, இன்ன செயல், இன்ன தூண்களிலிருந்து எண்ணை எடுப்பது, இன்ன தூணில் விடையை வைப்பது, அதனால் எந்தத் தூணின் மதிப்பு மாறுகிறது என்று கட்டம் கட்டி எழுதினார். 13 முதல் 23 வரையுள்ள படிகளைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்றும் குறித்தார். நிரல் எழுதப் பயிலும் நம் பிள்ளைகள் இன்று கற்கும் சுழற்சி என்பது இதுவே. இக்கணக்கின் அல்ஜீப்ராவைத் தாமே போட்டுக் கொடுத்ததாகவும், அதில் தாம் செய்த பெரும் பிழை ஒன்றை ஏடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜே 1864-இல் தம் சரிதத்தில் எழுதியுள்ளார்.

எண்களை மட்டுமன்றி, விதிகளுக்குக் கட்டுப்பட்ட எதனையும் இவ்யந்திரம் கையாளலாம். சுரங்களின் உறவுகளைக் குறியீடாக்கிக் கொடுத்தால் இசையும் அமைக்கலாம் என்றார் ஏடா. பாபேஜ் எண்களோடு நின்றவர். இவர் அதற்கப்பால் பார்த்தார். கூடவே, யந்திரம் தானாக எதனையும் தோற்றுவிக்காது, நாம் இட்ட உத்தரவையே செய்யும் என்றும் எச்சரித்தார். 1950-இல் ஆலன் டூரிங் யந்திரங்கள் சிந்திக்குமா என்று ஆராய்ந்தபோது இக்கருத்தை இவர் பெயராலேயே எடுத்து மறுத்தார்.

குறிப்புகள் 1843-இல் வெளிவந்தன, அடியில் ஏ. ஏ. எல். என்னும் மூன்றெழுத்துகள் மட்டும் இருந்தன. அச்சாகும் தறுவாயில் ஒரு சச்சரவு. சர்க்காரைத் தாக்கிப் பெயரிடாத முன்னுரை ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்றார் பாபேஜ். ஏடா மறுத்துவிட்டார். பிறகு, யந்திரம் கட்டும் வேலையின் நிர்வாகத்தைத் தம்மிடம் விடும்படி பதினாறு பக்கக் கடிதம் எழுதினார். பிரபு குலத்துப் பெண் ஒருத்தி ஒரு வேலைக்கு மனுப்போட்டாள் என்றே இதனைக் கொள்ளலாம். பாபேஜ் இணங்கவில்லை. நட்பு பிழைத்தது, வேலை கிடைக்கவில்லை. யந்திரமும் கட்டப்படவில்லை. இவர் ஒப்புக்கொண்டிருந்தால் அது கட்டப்பட்டிருக்குமா என்பது வேறு. கேட்டவரிடம் ஒரு பொறுப்பையேனும் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு ஏடா அச்சில் பெரிதாக எதுவும் வெளியிடவில்லை. உடல் நலிந்தது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டிப் பெருங்கடன் பட்டார்; குடும்ப வைரங்களை அடகு வைத்தார், தாயார் மீட்டுக்கொடுத்தார். இதனை மறைத்து எழுதுவோரும் உளர். நாம் மறைக்க விரும்பவில்லை. கருப்பைப் புற்றுநோயால் வருந்தி, 1852-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி காலமானார். வயது 36, தந்தை இறந்ததும் அதே வயதில். தாம் கண்டறியாத அத்தந்தையின் பக்கத்திலேயே, ஹக்னால் ஊர்க் கோயிலில், அவர் விருப்பப்படி அடக்கம் செய்தனர்.

நூறாண்டு அக்குறிப்புகளை எவரும் தேடவில்லை. 1953-இல் கம்ப்யூட்டர் பற்றிய ஓர் ஆங்கில நூலில் மீண்டும் அச்சேறின. அமெரிக்க ராணுவ இலாகா தன் நிரல்மொழிக்கு ஏடா என்று பெயர் சூட்டி, 1980-இல் அதன் விதிநூலுக்கு அவர் பிறந்த ஆண்டாகிய 1815 என்னும் எண்ணைக் கொடுத்தது. முதல் நிரலாளர் அவரே என்பதில் அறிஞர்களுக்குள் வழக்குண்டு. பாபேஜ் அதற்கு முன்னரே சில நிரல்களை எழுதி வெளியிடாமல் வைத்திருந்தார். அவ்வழக்கை அவர்களிடமே விடுவோம். 1843-இல் அச்சான அட்டவணையின் நான்காம் படியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியுள்ளன. அச்சுக் கோத்தவர் பிழையோ எழுதியவர் பிழையோ, யந்திரம் இல்லாததால் எவரும் அன்று ஓட்டிப் பார்த்து அறியவில்லை. நம் காலத்தில் அதனைத் திருத்தி இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். விடை சரியாகவே வந்தது.