குருமானில் ஒரு குடும்பம்

சனிக்கிழமை வந்தால் வீட்டுத் தரையைச் சாணியால் மெழுகுவது நம் பாட்டிமாருக்குப் பழகிப்போன வேலை. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன், ஆபிரிக்காவின் தெற்கே ஒரு வறண்ட நிலத்தில், ஓர் ஆங்கிலப் பெண்மணியும் அதே வேலையைக் கற்றுக்கொண்டார். முதலில் அவருக்கு அது அருவருப்பாக இருந்தது. மெல்லிதாக மெழுகினால் தூசி அடங்குகிறது, தெள்ளு பெருகுவதில்லை என்று கண்டபின் அவர் மனம் மாறியது. அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கும் அளவுக்கு அந்தப் பச்சைத் தரை தமக்குப் பிடித்துப்போயிற்று எனத் தாயகத்துக்கு எழுதினார்.

அவர் பெயர் மேரி மொபற். அவருடைய கணவர் றொபேட் மொபற், தென் ஆபிரிக்காவின் செற்சுவானா மொழியில் விவிலியம் முழுவதையும் பெயர்த்தவர். ஆபிரிக்கக் கண்டத்தை ஊடறுத்துச் சென்ற டேவிட் லிவிங்ஸ்ரனின் மாமனார். கணவரின் பெயரை வரலாறு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அவர் செய்த பணி, கணவனும் மனைவியுமாக இருவர் அரை நூற்றாண்டு காலம் நடத்திய ஒரு வீட்டின் பணி. அந்த வீட்டுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

தோட்டக்காரரும் மணமகளும்

றொபேட் 1795ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் ஸ்கொத்லாந்தில் ஓமிஸ்ரன் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 14 வயதில் தோட்ட வேலை பழகச் சென்றார். அதற்கு முன்னரே தாயார் அவருக்குத் தைக்கவும் பின்னவும் கற்றுக்கொடுத்திருந்தார். ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று அன்று தோன்றியிருக்கலாம். கடையே இல்லாத நாட்டில் வாழ நேர்ந்தபோதுதான் அந்தத் தாயின் முன்யோசனை மகனுக்கு விளங்கிற்று.

மன்செஸ்ரருக்கு அருகே டக்கின்பீல்ட் என்னும் இடத்தில், ஜேம்ஸ் ஸ்மித் என்பவரின் நாற்றுத் தோட்டத்தில் றொபேட் வேலைக்கு அமர்ந்தார். தோட்ட உரிமையாளரின் மகள்தான் மேரி. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இருவர் உள்ளத்திலும் வேதபோதக ஆவல் இருந்தது. ஆயினும் பெற்றோர் தம் மகளைக் கண் காணாத தேசத்துக்கு அனுப்ப இசையவில்லை. இலண்டன் மிசனரிச் சங்கம் 1816இல் றொபேட்டைத் தனியாகவே அனுப்பியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடிதங்களே அவர்களுக்கிடையே பாலமாக இருந்தன. ஈற்றில் பெற்றோர் மனமிரங்கினர். மேரி கடல் கடந்து வந்து, 1819 டிசெம்பர் 27ஆம் நாள் கேப்டவுணில் அவரைக் கைப்பிடித்தார். அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு அவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை.

தண்ணீருக்கும் காவல், சட்டிக்கும் காவல்

மாட்டுவண்டியில் வாரக்கணக்காகப் பயணம் செய்து அவர்கள் சேர்ந்த இடம் சுவானா மக்களின் ஒரு பிரிவினரான திலாப்பிங் மக்களின் நாடு. 1824இல் குருமான் ஆற்றங்கரையில் நிலையாகக் குடியேறினர். பாறையடியில் பீறிட்டெழும் பெரும் ஊற்று ஒன்று அந்த ஆற்றுக்குப் பிறப்பிடம். வறட்சியிலும் வற்றாத அந்த ஊற்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி லீற்றர் நீரைத் தருவது. தோட்டக்காரரான றொபேட் வாய்க்கால் வெட்டி, நீரைத் திருப்பி, தானியமும் காய்கறியும் பழமரங்களும் பயிரிட்டார்.

ஆனால் பகலில் பாய்ச்சிய வாய்க்காலை இரவில் ஊர்ப் பெண்கள் தங்கள் தோட்டங்களுக்குத் திருப்பிவிடுவார்கள். பகல் முழுதும் உழைத்த மனிதர் நள்ளிரவில் மண்வெட்டியோடு எழுந்து போகவேண்டும். தண்ணீருக்காக வேலியோரம் சண்டை நடப்பதை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியல்ல. அந்தப் பெண்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வறண்ட நாட்டில் நேற்று வந்தவர் ஆற்று நீரைத் தம் பயிருக்குத் திருப்பினால் யார்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

மேரியின் அடுப்படி எப்பொழுதும் ஊராரால் நிறைந்திருக்கும். உடம்பில் கொழுப்பும் செங்காவியும் பூசியவர்கள் எதைத் தொட்டாலும் அதில் கறை ஒட்டும். வெளியே போகச் சொன்னால் கோபம் வரும். வழிபாட்டுக்குச் சென்று திரும்பினால், அடுப்பில் வைத்த இறைச்சி மறைந்து, சட்டிக்குள் கல் கிடக்கும். ஆகவே இருவரில் ஒருவர் வீட்டைக் காக்கவேண்டிய நிலை. ரொட்டி சுடுவது, சவர்க்காரம் காய்ச்சுவது, மெழுகுதிரி வார்ப்பது, உடுப்புத் தைப்பது, நோயாளரைப் பார்ப்பது, தம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் மேரியின் கையில். கொல்லன் வேலை, தச்சு வேலை, கட்டட வேலை, வண்டி திருத்துவது எல்லாம் றொபேட்டின் கையில். பிரசங்கமும் செபமும் இவற்றுக்கு நடுவேதான் நடந்தன.

குருமானில் நிலைபெறுவதற்கு முன் ஒருமுறை மழை பொய்த்தது. மழை வருவிப்பவர் ஒருவரை ஊரார் தொலைவிலிருந்து அழைத்து வந்தனர். அவராலும் முடியாமற் போகவே, வெள்ளைக்காரரின் கோயில் மணியோசைதான் முகிலை விரட்டுகிறது என்றார். ஊர்ப் பெரியவர்கள் கூடி வந்து, நாட்டைவிட்டுப் போகும்படி கட்டளையிட்டனர். அவர்களில் ஒருவர் கையில் ஈட்டி இருந்தது. மேரி கைக்குழந்தையோடு வாசலில் நின்றார். தாம் போவதாக இல்லை, வேண்டுமானால் ஈட்டியைத் தம் நெஞ்சில் பாய்ச்சலாம் என்று றொபேட் மேற்சட்டையை விலக்கிக் காட்டினார். சாவுக்கு அஞ்சாத இந்த மனிதரை என்ன செய்வது என்று வந்தவர்கள் கலைந்தனர்.

சாக்கும் காரியமும்

முதல் ஆண்டுகளில் றொபேட் டச்சு மொழியில் பேச, வேறொருவர் மொழிபெயர்ப்பார். ஆன்ம மீட்பு பெரிய காரியம் என்று அவர் ஒருநாள் சொன்னார். டச்சில் காரியத்துக்கும் சாக்குக்கும் உரிய சொற்கள் ஏறக்குறைய ஒரே ஓசை உடையவை. மொழிபெயர்ப்பாளரோ, ஆன்ம மீட்பு மிகப் பெரிய சாக்கு என்று மக்களுக்கு அறிவித்தார். இப்படியானால் நற்செய்தி எப்படி உள்ளத்தைத் தொடும்? மக்களின் மொழியை மக்களிடமே கற்பதென்று முடிவு செய்தார். 1827இல் மனைவி பிள்ளைகளை விட்டுப் பல வாரங்கள் உள்நாட்டுச் சுவானா மக்களோடு அவர்களுடைய குடியிருப்புகளிலேயே தங்கி, அவர்கள் உண்டதை உண்டு மொழி பயின்றார். அந்நாட்களில் வீட்டைத் தனியாகத் தாங்கியவர் மேரி.

1830இல் லூக்கா நற்செய்தியை முடித்து, கேப்டவுணுக்குக் கொண்டுபோய், எழுத்துக் கோக்கத் தாமும் கற்று அச்சிட்டார். அடுத்த ஆண்டு குருமானுக்கு ஓர் அச்சு இயந்திரம் வந்தது. வெள்ளைத் தாள் உள்ளே போய்க் கறுப்பு எழுத்தோடு வெளிவரும் அதிசயத்தைக் காண ஊரே திரண்டது. புதிய ஏற்பாடு 1840இலும், விவிலியம் முழுவதும் 1857இலும் நிறைவுற்றன. இறைவனைக் குறிக்க, சுவானா மக்களிடம் ஏற்கெனவே வழங்கிய மொடிமோ என்ற சொல்லையே அவர் எடுத்தாண்டார். ஆனால் இம்மக்களுக்குக் கடவுள் பற்றிய எண்ணமே இல்லை என்றும் எழுதினார். அது தவறு என்பதைப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். அவர்கள் மொழியில் அச்சொல் இருந்ததே அதற்குச் சான்றல்லவா?

முன்னதாகக் கேட்ட கிண்ணம்

ஆண்டுகள் பல கடந்தும் குருமானில் மனம் திரும்பியவர் இல்லை. இங்கிலாந்தில் ஒரு தோழி, என்ன அனுப்பலாம் என்று மேரியிடம் கேட்டு எழுதினார். துணி கேட்டிருக்கலாம், பாத்திரம் கேட்டிருக்கலாம். மேரி கேட்டதோ திருவிருந்துக்குரிய பாத்திரங்கள். அப்போது அவற்றைப் பயன்படுத்த அங்கே ஒரு புதிய கிறிஸ்தவர்கூட இல்லை. கடலிலும் மாட்டுவண்டியிலும் அப்பொதி ஊர்ந்து வந்தது. 1829இல் முதன்முதல் 6 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களின் முதல் திருவிருந்து நெருங்கிய வேளையில் அந்தப் பாத்திரங்களும் வந்து சேர்ந்தன.

அதன்பின் மேரியின் வேலை இரட்டித்தது. உடுத்தப் பழகிய பெண்களுக்காகத் தையற் பள்ளி தொடங்கினார். இரவில் வாசிக்க விளக்கு வேண்டுமென்று மெழுகுதிரி அச்சு கேட்டு வந்தனர். 1838இல் கல்லாலான பெரிய கோயில் திறக்கப்பட்டது. புல்வேய்ந்த அக்கோயில் இன்றும் நிற்கிறது.

பிள்ளைகளைப் பிரிந்த வீடு

அவர்களுக்கு 10 பிள்ளைகள் பிறந்தனர். சிலரைக் குழந்தைப் பருவத்திலேயே அந்த மண்ணில் அடக்கம் செய்தனர். வளர்ந்தவர்களைப் படிப்புக்காகத் தொலைவிலும், பின்னர் இங்கிலாந்திலும் விடவேண்டியிருந்தது. மேரி வாரக்கணக்கில் மாட்டுவண்டியில் சென்று பிள்ளைகளை விட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவார். மீண்டும் காண ஆண்டுகள் செல்லும். ஊருக்குத் தாயாக இருந்தவருக்குத் தம் பிள்ளைகளோடு இருக்க வாய்க்கவில்லை. இப்பணியில் மிகப் பெரிய விலை இதுதான்.

1844இல் சிங்கம் தாக்கித் தோள் உடைந்த லிவிங்ஸ்ரன் இளைப்பாற வந்தது இந்த வீட்டுக்கே. மூத்த மகள் மேரியை அவர் 1845இல் மணந்தார். அந்த மகள் 1862 ஏப்ரலில் சம்பேசி நதிக்கரையில் காய்ச்சலால் இறந்தார். அதே ஆண்டில் மகன் றொபேட்டும் இறந்தார். 1866இல் வெடிவிபத்தில் மருமகன் பிறெடூ மடிய, மகள் ஆன் தன் பிள்ளைகளோடு பெற்றோரின் நிழலுக்கு வந்தார். எழுபதைக் கடந்த பாட்டியின் அடுப்படியில் மறுபடியும் குழந்தைகளின் சத்தம் கேட்டது.

முதிய வயதிலும் றொபேட் தூர வழி போவதை நிறுத்தவில்லை. இந்தபேலே மன்னர் மசிலிக்காசி அவரிடம் வைத்த பாசம் பேர்பெற்றது. 1829 முதல் ஐந்து முறை அவரைச் சந்தித்தார். அந்த நட்பால் 1859இல் இன்யாத்தியில் ஒரு வேதபோதக நிலையம் எழுந்தது. அந்தப் பெயரின்மேல் இருந்த நம்பிக்கை பின்னர் அரசியலுக்கும் பயன்பட்டது. 1888இல் மகன் ஜோன் பிரித்தானிய அரசின் சார்பில் மசிலிக்காசியின் மகன் லொபெங்குலாவோடு உடன்படிக்கை செய்தார். சில ஆண்டுகளுக்குள் அம்மக்கள் தங்கள் நாட்டை இழந்தனர். தந்தை அதைக் காண உயிரோடிருக்கவில்லை.

இறுதிப் பயணம்

1870 மார்ச் மாதத்தில், இருவருக்கும் 74 வயதாக இருந்தபோது, தளர்ந்த உடலோடு குருமானை விட்டுப் புறப்பட்டனர். மக்கள் வண்டியைச் சூழ்ந்து அழுதனர். இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்களில், 1871 ஜனவரி 10ஆம் நாள் மேரி இறைவனடி சேர்ந்தார். 51 ஆண்டுத் துணையை இழந்த றொபேட் மேலும் 12 ஆண்டுகள் வாழ்ந்து, ஆபிரிக்காவைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். 1874இல் மருமகன் லிவிங்ஸ்ரனின் அடக்கத்திலும் கலந்துகொண்டார். 1883 ஓகஸ்ட் 9ஆம் நாள் அவரும் கண் மூடினார்.

இவர்கள் நமது திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் தங்கள் வீட்டையே நற்செய்திக்குத் திறந்துவிட்ட அக்கில்லா, பிரிசில்லா தம்பதியரைத் திருத்தூதர் பணி நூலில் வாசிக்கும் நமக்கு இவர்கள் அந்நியரும் அல்லர். வீட்டு வேலை ஓயவில்லையே, இறைவனுக்கு என்று நான் என்ன செய்கிறேன் என ஏங்கும் தாய்மார் நம் பங்குகளில் பலர் உண்டு. மேரி மொபற் பிரசங்க பீடத்தில் நின்றவரல்லர். மெழுகிய தரையும், வார்த்த மெழுகுதிரியும், காவல் காத்த சட்டியும் இல்லாவிட்டால் அந்த மொழிபெயர்ப்பு மேசையில் ஒருவரும் அமர்ந்திருக்க முடியாது. கணவன்மாரும் பிள்ளைகளும் இதைத் தம் வீட்டில் நினைத்துப் பார்ப்பார்களாக.