எதிர்த்து வந்தவரை ஏற்றருளிய எம்பெருமானார்

தொண்டை நாட்டில் ஸ்ரீபெரும்பூதூரில், ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதியம்மையாருக்கும் திருக்குமாரராக, கி.பி. 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் அவதரித்தவர் பகவத் ராமாநுஜர். 120 ஆண்டுகள் இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்து, 1137ஆம் ஆண்டில் திருவரங்கத்திலிருந்து திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்பது குருபரம்பரை காட்டும் கணக்கு. ஸ்ரீபாஷ்யம் முதலாக அவர் அருளிச்செய்த 9 க்ரந்தங்களின் பெருமையை வித்வான்கள் அறிவர். வித்வான்களும் பாமரரும் ஒருசேரக் கைக்கொள்ளத்தக்க பெருமை ஒன்றும் அவர் திருச்சரிதையில் உண்டு. அவரோடு பிணங்கி நின்றவர்களே பின்னாளில் அவருக்கு மிக நெருங்கியவர்களாயினர்.

இளமையில் அவர் காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். பகவானுடைய திருக்கண்களைக் கூறும் உபநிஷத் வாக்யத்துக்கு ஆசிரியர் தகாத பொருள் சொல்ல, சிஷ்யர் கண்ணீர் உகுத்துச் செம்பொருள் கூறினார். அதனால் மூண்ட பகை, காசி யாத்திரையில் அவரைக் கங்கையில் தள்ளிக் கொல்லச் சதி செய்யும் அளவுக்கு முற்றியது. தம்பி முறையினரான கோவிந்தர் எச்சரிக்கத் தப்பிய இளையாழ்வார், வேடர் தம்பதியாய் வந்த பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் வழிகாட்டக் காஞ்சியை அடைந்தார். காலம் சென்றது. யாதவப்ரகாசர் மனம் திருந்தி, தம் முன்னாள் சிஷ்யரிடமே ஸந்ந்யாஸம் பெற வந்தார். கொல்ல நினைத்தவர் என்று கதவை அடைக்காமல், கோவிந்த ஜீயர் என்ற திருநாமம் சாற்றி, துறவிகளின் தர்மத்தைத் தொகுத்து நூல் இயற்றும்படி நியமித்தருளினார் உடையவர். யதிதர்ம ஸமுச்சயம் என்பது அந்நூல்.

திருவரங்கத்துக்கு எழுந்தருளியபின் வேறொரு பிணக்கு எழுந்தது. கோயில் நிர்வாகமும் திறவுகோலும் வழிவழியாகப் பெரிய கோயில் நம்பியின் கையில் இருந்தன. உடையவர் செய்யக் கருதிய சீர்திருத்தங்களுக்கு நம்பி இசையவில்லை. அவரை விலக்கிவிடலாமா என்று உடையவர் திருவுள்ளம் எண்ணியபோது, நெடுநாள் தனக்குப் பணி செய்தவர் அவர் என்பதைப் பெரிய பெருமாள் கனவில் உணர்த்தியருளினான். உடையவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். விலக்குவதை விட்டு, நம்பியைத் திருத்தும் பொறுப்பைக் கூரத்தாழ்வானிடம் ஒப்படைத்தார். 

அக்காலத்தில் நம்பியின் தாயார் பரமபதித்தாள். பதினோராம் நாள் சிராத்தத்தில் அமர்ந்து உண்ணப் பலரும் தயங்குவர். உடையவர் நியமனப்படி மஹாவித்வானாகிய ஆழ்வானே அங்கு சென்று அமர்ந்தார். உண்டு முடித்தவர் வாயால் திருப்தி என்ற சொல்லைக் கேட்டாலன்றிக் கர்மா நிறைவேறாது. திறவுகோலை உடையவரிடம் ஸமர்ப்பித்தாலே தமக்குத் திருப்தி என்று ஆழ்வான் தெரிவிக்க, நம்பியும் அவ்வாறே செய்தார். துக்க வீட்டுக்குத் துணிந்து வந்த அந்த உறவே நம்பியின் நெஞ்சை இளக்கியது. அவர் ஆழ்வானுக்குச் சிஷ்யராகித் திருவரங்கத்தமுதனார் என்று பெயர் பெற்றார். இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்களையும் அருளியவர் அவரே. ஒவ்வொரு பாசுரத்திலும் எம்பெருமானாரின் திருநாமம் அமைந்த அந்நூல் ப்ரபந்ந காயத்ரி என்று போற்றப்படுகிறது.

மூன்றாவது, வாதப்போர். கங்கைக் கரையிலிருந்து சுமை சுமையாக நூல்களைக் கொண்டுவந்த யஜ்ஞமூர்த்தி என்ற அத்வைத ஸந்ந்யாஸி உடையவரை வாதுக்கு அழைத்தார். தாம் தோற்றால் உடையவரின் பாதுகையைச் சுமந்து அவர் பெயரையே தாம் தரிப்பதாகச் சபதம் செய்தார். உடையவரோ, தாம் தோற்றால் இனி க்ரந்தத்தைத் தொடுவதில்லை என்றார். 17 நாள் வாதம் நிகழ்ந்து, யஜ்ஞமூர்த்தியின் கை ஓங்கியிருந்தது. அன்றிரவு உடையவர் பேரருளாளனிடம் முறையிட, ஆளவந்தாரின் க்ரந்தத்தைப் பெருமாள் நினைவூட்டியருளினான். 18ஆம் நாள் காலையில் உடையவர் எழுந்தருளிய தேஜஸைக் கண்ட மாத்திரத்தில், வாதம் செய்யாமலே யஜ்ஞமூர்த்தி திருவடிகளில் விழுந்தார்.

தோற்றவர் தண்டனையாகச் சுமக்க வேண்டிய பெயரை உடையவர் பரிசாக மாற்றினார். பேரருளாளன் திருநாமத்தையும் தம் திருநாமத்தையும் சேர்த்து அருளாளப்பெருமாள் எம்பெருமானார் என்று பெயரிட்டு, தனி மடமும் அளித்தார். வெளியூர் அடியார்கள் எம்பெருமானார் மடம் எது என்று வினவ, எந்த எம்பெருமானார் என்று ஊரார் கேட்டனர். அதைச் செவியுற்று மனம் நொந்த அவர், தம் மடத்தை இடித்துவிட்டு உடையவர் திருவடி நிழலிலேயே வந்து வாழ்ந்தார். ஞானஸாரம், ப்ரமேயஸாரம் என்னும் தமிழ் நூல்கள் அவர் அருளியவை.

மேல்கோட்டைத் திருநாராயணபுரத்தில், செல்வப்பிள்ளையை மீட்டு எழுந்தருளப்பண்ணத் துணைநின்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் 3 நாள் கோயிலுக்குள் சேவிக்கும் உரிமை தந்தார். எஞ்சிய நாட்களுக்கும் அவர்களுக்குக் கதவு திறக்கப் பின்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. பெருமாளைக் கவர்ந்து சென்ற துருக்க அரசன் மகளும் அப்பெருமாள் மீது காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்தாள் என்பதும், துலுக்க நாச்சியாராக அவன் திருவடியில் இடம் பெற்றாள் என்பதும் ஐதிஹ்யம்.

இச்சரித்திரங்களில் உடையவர் தம் ஸித்தாந்தத்தை ஓரிடத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. எதிர்த்தவரை இழந்ததும் இல்லை. வழக்கிட வந்தவனும் நம் வாசல் தேடி வந்தவனே என்று கொண்டு, அவரவர்க்கு ஏற்ற ஒரு கைங்கர்யத்தைக் கொடுத்தார். நூல் எழுத வல்லவர் நூல் எழுதினார், பாட வல்லவர் பாடினார்.

இவ்வுத்ஸவத்தில் கோஷ்டியில் முன் நிற்பது யார், தீர்த்தம் முதலில் யாருக்கு, திருமண் எவ்வகை என்ற பேச்சுகள் எழக்கூடும். அப்போது, இன்று நாம் ஸேவிக்கும் நூற்றந்தாதி, ஒருநாள் திறவுகோலைத் தர மறுத்த ஒருவர் அருளியது என்பதை அடியார்கள் நினைவில் கொள்வார்களாக. பிணங்கி நிற்கும் அயலாரிடம் ஒரு வார்த்தை பேசி, அருகில் இடம் தந்து, ஒருசேரப் பெருமாளைச் சேவிப்பதே உடையவர் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யமாகும்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.